எதிராளியின் தரம்

ஓர் ஆட்டத்தில் ஜெயித்தவர் யார் என்பதை ஆட்டம் முடிந்த நிமிஷத்திலேயே சொல்லிவிடலாம். அந்த ஜெயத்துக்கு என்ன மதிப்பு என்பதை அப்போது சொல்லிவிட முடியாது. தோற்றவர் அதற்கு முன் யாரை ஜெயித்திருந்தார், அதற்குப் பின் யாரிடம் தோற்கப் போகிறார் என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். செப்டம்பரில் பெரிய காரியமாகத் தெரிந்த வெற்றி நவம்பரில் ஒன்றுமில்லாமல் போய்விடுவதுண்டு. இடையில் ஜெயித்தவன் தவறேதும் செய்திருக்க மாட்டான். அவனிடம் தோற்றவன் பிறகு எல்லோரிடமும் தோற்றிருப்பான், அவ்வளவுதான். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்தது இந்த ஒரு விநோதத்துக்காக.

கால்பந்து என்று பெயரே தவிர பந்து காலில் படுவது அதில் அபூர்வம். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும், வீசுவதும், ஓடுகிறவனை மோதிச் சாய்ப்பதுமான ஆட்டம். என் அக்காள் மகன் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸில் இரண்டு வருஷம் படித்தான். அவன் மூலமாக எனக்கு வந்த பழக்கம் இது. அங்கே சனிக்கிழமை பிற்பகல் என்றால் இங்கே நள்ளிரவு. மறுநாள் வங்கி கிடையாது. ஆட்டத்தின் நுட்பங்கள் இன்றும் எனக்குப் பாதிதான் பிடிபடுகின்றன. ஆனால் அட்டவணை பிடிபட்டுவிட்டது. யார் யாரோடு, யாருடைய ஊரில், எத்தனை வருஷம் முன்பே பேசி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்று பார்ப்பது ஆட்டத்தைவிட எனக்குச் சுவாரஸ்யமாக இருக்கிறது. விமர்சனம் எழுதுகிறவனுக்கு இது இயல்பான கோளாறுதான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

2025 பருவத்தில் அந்த ஆட்டத்தின் மேல்தட்டுப் பிரிவில் 136 பல்கலைக்கழக அணிகள் இருந்தன. பருவத்தில் ஓர் அணிக்கு 12 ஆட்டங்கள். உடம்பை முறிக்கிற ஆட்டம் என்பதால் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் தாங்காது. 136 அணிகளும் ஒன்றோடொன்று ஒரே ஒருமுறை மோதுவதென்றால்கூட 9,180 ஆட்டங்கள் வேண்டும். நடப்பவை 800 சொச்சம். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 20 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் இரண்டு முறை ஆடுகிறது. 38 ஆட்டங்கள் முடிந்ததும் புள்ளிகளைக் கூட்டினால் போதும். அங்கே விமர்சகனுக்கு வேலையில்லை. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தீர்ப்பின் பெரும்பகுதி நடக்காத ஆட்டங்களைப் பற்றியது. அலபாமாவும் பாய்ஸி ஸ்டேட்டும் மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மோதவில்லை. இருந்தும் இரண்டில் எது மேல் என்று யாராவது சொல்லியாக வேண்டியிருக்கிறது.

அணிகள் கான்பரன்ஸ் எனப்படும் கூட்டுகளில் சேர்ந்திருக்கின்றன. பிக் டென் என்ற கூட்டு 1896-ல் ஏற்பட்டது. தென்கிழக்குக் கான்பரன்ஸ், பிக் 12, அட்லாண்டிக் கரைக் கான்பரன்ஸ் ஆகியவை மற்ற பெரிய கூட்டுகள். இவற்றுக்குக் கீழே வசதி குறைந்த கூட்டுகள் ஐந்தாறு. பெரிய கூட்டுகளில் பன்னிரண்டில் எட்டோ ஒன்பதோ ஆட்டங்களைக் கூட்டு விதித்துவிடுகிறது. மிச்சம் மூன்று நான்கு நாட்கள் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கையில். யாரை அழைப்பது, யார் அழைத்தால் போவது என்பதை அது தானே தீர்மானித்துக்கொள்ளலாம். ஓர் அணியின் குணத்தை நான் இந்த மூன்று நான்கு நாட்களில்தான் பார்க்கிறேன்.

எதிராளியின் தரத்தை எப்படி அளப்பது? அவன் எத்தனை ஜெயித்தான் என்று பார்க்கலாம். ஆனால் அவன் யாரை ஜெயித்தான்? அவனுடைய எதிராளிகளையும் பார்க்க வேண்டும். பிறகு அவர்களுடைய எதிராளிகளை. 1998 பருவத்திலிருந்து 2013 வரை பௌல் சாம்பியன்ஷிப் ஸீரீஸ் என்ற ஏற்பாடு, இறுதி ஆட்டத்துக்கு இரண்டே அணிகளைத் தேர்ந்தெடுத்து வந்தது. பத்திரிகைக்காரர்களின் ஓட்டு, பயிற்சியாளர்களின் ஓட்டு, கம்ப்யூட்டர் கணக்குகள் எல்லாம் அதில் கலந்திருந்தன. முதல் ஆறு பருவங்களுக்கு அட்டவணையின் கடுமைக்கென்று தனி இனம் இருந்தது: எதிராளிகளின் வெற்றி விகிதத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, எதிராளிகளின் எதிராளிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அதோடு நிறுத்திக்கொண்டார்கள். பெண் கொடுக்கிறவர்கள் தகப்பன், பாட்டன்வரை விசாரித்துவிட்டு அதற்குமேல் விட்டுவிடுவதுபோல.

அந்த நிறுத்தம் ஒருமுறை விபரீதமாயிற்று. 2003-ல் ஓட்டுப் போட்ட இரு தரப்புக்கும் தென் கலிபோர்னியாதான் முதல் அணி. கடைசிச் சனிக்கிழமை, அது முன்பு ஜெயித்திருந்த ஹவாயும் நோட்டர் டேமும் வேறு ஊர்களில் வேறு யாரிடமோ தோற்றன. தென் கலிபோர்னியாவின் அட்டவணை மதிப்பு இறங்கிற்று. கடைசிக் கணக்கில் 0.16 வித்தியாசத்தில் அது மூன்றாவது இடத்துக்குப் போயிற்று. தன் கூட்டின் இறுதி ஆட்டத்தில் கன்ஸாஸ் ஸ்டேட்டிடம் 35-7 என்று உதை வாங்கிய ஓக்லஹோமா முதலிடத்தில் இருந்தது. லூயிஸியானா ஸ்டேட் ஓக்லஹோமாவை 21-14 என்று ஜெயித்துக் கோப்பையை வாங்கிக்கொண்டது. பத்திரிகைக்காரர்கள் தென் கலிபோர்னியாவைச் சாம்பியன் என்று அறிவித்தார்கள். ஒரு பருவத்துக்கு இரண்டு சாம்பியன்கள். மறு வருஷம் அட்டவணைக் கடுமை என்ற தனி இனத்தையே எடுத்துவிட்டார்கள்.

வட்டமாகச் சுற்றும் இந்தப் பிரச்னைக்குக் கணிதத்தில் விடை இருக்கிறது. ஜேம்ஸ் கீனர் என்ற கணித அறிஞர் 1993-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓர் அணியின் மதிப்பு, அது ஜெயித்த அணிகளின் மதிப்புகளைச் சார்ந்தது. அவற்றின் மதிப்பு அவை ஜெயித்தவற்றைச் சார்ந்தது. எங்கும் நிறுத்தாமல் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தீர்த்தால் ஒரே ஒரு வரிசைதான் கிடைக்கும் என்று, பெரோன், ஃப்ரோபீனியஸ் என்ற ஜெர்மானியர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ட தேற்றத்தை வைத்து அவர் காட்டினார். பின்னாளில் கூகிள் வலைப்பக்கங்களை வரிசைப்படுத்தியதும் இதே அடிப்படையில்தான். ஆனால் தேற்றத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. எல்லா அணிகளும் ஏதாவது ஒரு சங்கிலியால், ஆடிய ஆட்டங்களின் வழியே, பிணைந்திருக்க வேண்டும். தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்ளும் இரண்டு கூட்டங்கள் இருந்தால் அவற்றுள் எது மேல் என்று எந்தக் கணிதமும் சொல்லாது. எனக்கு இந்த நிபந்தனை விடையைவிட முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால், ஒரு கூட்டு தனக்குள் எத்தனை ஆட்டம் ஆடினாலும் வெற்றிகளும் தோல்விகளும் சரிசமமாகத்தான் வரும். பேரேடு எழுதிப் பழகியவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பற்றும் வரவும் நேர்ந்துவிட்டதால் ஸ்தாபனம் லாபத்தில் நடக்கிறது என்று ஆகாது. கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். உலகத்திலேயே மோசமான பத்து அணிகள் ஒரு கூட்டுச் சேர்ந்தாலும் அவற்றில் ஒன்று முதலாவதாக வரும். அதன் கழுத்தில் மாலை விழும். இரண்டாவதாக வந்த அணிக்கு, 'அப்படிப்பட்ட சாம்பியனிடம் மட்டுமே தோற்றது' என்ற பெருமை சேரும். இந்த மாயையை உடைக்கக்கூடியவை வெளியாரோடு ஆடுகிற அந்தச் சில ஆட்டங்கள் மட்டுமே. ஒரு கூட்டின் அந்தஸ்து முழுவதும் அவற்றின்மேல் நிற்கிறது. அவற்றைத்தான் எல்லோரும் முடிந்தவரை சுலபமாக்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

தென்கிழக்குக் கான்பரன்ஸ் 1992 முதல் 2025 வரை, தொற்றுநோய் வருஷமான 2020 நீங்கலாக, எட்டு ஆட்டங்களையே தனக்குள் ஆடி வந்தது. பிக் டென் 2016-லிருந்து ஒன்பது. ஓர் ஆட்டத்தில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். 16 அணிகள் கொண்ட கூட்டு எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போனால் எட்டு ஆட்டங்கள் கூடுகின்றன. எட்டு ஆட்டம் என்றால் எட்டுத் தோல்வி, நிச்சயமாக எட்டு. அதே நாளில் பதினாறு பேரும் தனித்தனியே ஒரு நோஞ்சான் அணியை அழைத்திருந்தால் பதினாறும் வெற்றி. நவம்பரின் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமை, தென்கிழக்கின் பெரிய அணிகள் பல, கீழ்ப் பிரிவு அணி ஒன்றை அழைத்து ஐம்பது அறுபது புள்ளி எடுத்துவிட்டு அடுத்த வாரத்துப் பரம வைரிக்காக உடம்பைத் தேற்றிக்கொள்வது வழக்கம். இப்படிப்பட்ட எதிராளிக்கு அங்கே 'கப்கேக்' என்று பெயர். கடிக்காமலே கரைகிற பண்டம். 2025 ஆகஸ்டில்தான் அந்தக் கான்பரன்ஸ் 2026 முதல் ஒன்பது ஆட்டம் என்று முடிவு செய்தது. அதே மாதத்தில், அட்டவணைக் கடுமைக்கு இனி அதிக மதிப்புத் தரப்போவதாகத் தேர்வுக் கமிட்டி சொல்லியிருந்தது. தைரியம் வந்ததற்கும் அதற்குக் கூலி நிச்சயமானதற்கும் இடையே அதிக நாட்கள் இல்லை.

அழைக்கப்படுகிறவர்கள் இனாமாக வருவதில்லை. அவர்களுக்குப் பணம் தரப்படுகிறது. 2007-ல் மிஷிகன் பல்கலைக்கழகம் நான்கு லட்சம் டாலர் கொடுத்து ஆப்பலாச்சியன் ஸ்டேட் என்ற கீழ்ப் பிரிவு அணியை ஆன் ஆர்பருக்கு வரவழைத்தது. மிஷிகன் அப்போது நாட்டில் ஐந்தாவது அணி. மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனம். செப்டம்பர் 1-ம் தேதி ஆப்பலாச்சியன் 34-32 என்று ஜெயித்தது. மிஷிகனின் கடைசி உதையை ஒருவன் கையை நீட்டித் தடுத்தான். அடுத்த வாரம் மிஷிகனின் பெயர் முதல் 25 அணிகளின் பட்டியலிலேயே இல்லை. ஆப்பலாச்சியனின் பெயரும் இல்லை. காரணம், பத்திரிகைக்காரர்களின் பட்டியலில் கீழ்ப் பிரிவு அணிக்கு ஓட்டுப் போட விதி இடம் கொடுக்கவில்லை. விதியைப் பிறகு திருத்தினார்கள். ஒரு தீர்ப்பு முறை தன் கண்ணெதிரே நடந்ததைக் குறித்துக்கொள்ளத் தனக்கு ஒரு கட்டம்கூட இல்லை என்று கண்டுபிடித்த நாள் அது.

2024-ல் நோட்டர் டேம் 14 லட்சம் டாலர் கொடுத்து வடக்கு இல்லினாயை அழைத்து 16-14 என்று தோற்றது. இம்மாதிரிச் செய்திகளில் எல்லோரும் ஆச்சரியத்தைத்தான் எழுதுகிறார்கள். அந்தப் பணம் எதற்காகக் கைமாறியது என்று கேட்பவர்கள் குறைவு. வரவு வைத்தவர்கள் ஆட்டக் கட்டணம் என்று எழுதியிருப்பார்கள். செலவு எழுதியவர்கள் வாங்கியது ஒரு வெற்றியை. சரக்கு வந்து சேராத சந்தர்ப்பம் நூற்றில் ஒன்று இரண்டு. அந்த ஒன்றிரண்டையே நாம் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். மற்றவை வெற்றிக் கணக்கில் சத்தமில்லாமல் ஏறிவிடுகின்றன.

இதுவரை சொன்னது எதிராளியைத் தேர்ந்துகொள்ள வசதியுள்ளவர்களைப் பற்றி. அந்த வசதி இல்லாதவர்களின் கதை வேறு. பாய்ஸி ஸ்டேட் ஐடஹோ மாநிலத்துச் சிறிய கூட்டு ஒன்றைச் சேர்ந்த அணி. 2006 பருவத்தில் எல்லா ஆட்டமும் ஜெயித்து, 2007 ஜனவரி முதல் தேதி ஓக்லஹோமாவையும் 43-42 என்று ஜெயித்து, 13-0 என்று முடித்தது. சாம்பியன் ஆகவில்லை. யூடா 2008 பருவத்தில் 13-0, அலபாமாவை 31-17 என்று ஜெயித்தது, அதுவும் ஆகவில்லை. நீங்கள் யாரோடு ஆடினீர்கள் என்பது இவர்களிடம் எப்போதும் கேட்கப்பட்ட கேள்வி. கேட்டவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் இவர்களோடு ஆட மறுத்தவர்கள். ஒரு பெரிய அணிக்குப் பாய்ஸி போய் ஆடுவதில் லாபமில்லை. ஜெயித்தால் சிறிய அணியை ஜெயித்தாய் என்பார்கள்; தோற்றால் மானம் போயிற்று. ஆகவே போவதில்லை. பிறகு, போகாததையே சிறிய அணியின் குறையாக எண்ணுவார்கள்.

2010 நவம்பரில் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைவர் கார்டன் கீ, பாய்ஸியையும் டெக்ஸஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தையும் பற்றிப் பேசும்போது, தாங்கள் ஏழைகளின் சிறு சகோதரிகளோடு ஆடுகிறவர்கள் இல்லை என்றார். முதியவர்களைப் பராமரிக்கும் நிஜமான கன்னியர் சபை ஒன்றின் பெயர் அது. ஒன்றரை மாதம் கழித்து டெக்ஸஸ் கிறிஸ்தவர்கள் ரோஸ் பௌலில் பிக் டென்னின் விஸ்கான்ஸினை 21-19 என்று ஜெயித்தார்கள். சிறு சகோதரிகளின் வாழ்த்து என்ற வாசகத்தோடு கொலம்பஸ் நகரில் விளம்பரப் பலகைகள் முளைத்தன. கீ மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சபைக்கு நன்கொடை கொடுத்தார். இதை நான் என் மருமகனிடம் சொன்னபோது அவன் விட்டுக்கொடுக்கவில்லை. "ஒரு நாள் ஜெயிக்கிறது வேற மாமா. வாரா வாரம் அந்த மாதிரி ஆளுங்களோட ஆடிப் பாக்கட்டும்" என்றான். அந்தக் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. 2007-ல் ஹவாய் பருவத்தை 12-0 என்று முடித்தது. அந்தப் பன்னிரண்டில் இரண்டு கீழ்ப் பிரிவு அணிகள். புத்தாண்டு தினத்தில் ஜார்ஜியாவிடம் 41-10 என்று தோற்றது. சந்தேகம் எப்போதும் அகங்காரமாகவே இருப்பதில்லை.

ஆனால் சந்தேகத்தின் சுமை எல்லோர் தலையிலும் சமமாக ஏறுவதில்லை. அதே 2007 பருவத்தில் லூயிஸியானா ஸ்டேட் இரண்டு ஆட்டங்களில் தோற்றும் சாம்பியன் ஆனது. 2010-ல் பாய்ஸி ஒரே ஓர் ஆட்டத்தில், நெவாடாவிடம், மிக அருகிலிருந்து உதைத்த உதைகள் தவறியதால் தோற்றது, பருவமே முடிந்துவிட்டது. பெரியவர்களின் தோல்விக்கு விளக்கம் உண்டு. சிறியவர்களின் தோல்வி நிரூபணமாகிவிடுகிறது.

பெரியவர்களுக்குள்ளும் சில சமயம் இது நேரும். 2004-ல் தென்கிழக்கைச் சேர்ந்த ஆபர்ன் ஓர் ஆட்டமும் தோற்கவில்லை. இறுதி ஆட்டத்துக்கு அழைக்கப்படவும் இல்லை. அதன் அட்டவணையில் ஸிடடெல் என்ற கீழ்ப் பிரிவு அணி இருந்தது ஒரு குறையாகப் பேசப்பட்டது. அந்த நாளுக்கு முதலில் ஒப்புக்கொண்டிருந்த அணி பௌலிங் கிரீன். அது வாக்கை மாற்றிக்கொண்டு ஓக்லஹோமாவோடு ஆடப் போய்விட்டது. ஆபர்னுக்குப் பதிலாக இறுதி ஆட்டத்தில் நின்ற இரண்டு அணிகளில் ஒன்று அதே ஓக்லஹோமா. ஓர் அணியின் தகுதி இன்னொருவரின் கடிதத்தில் இப்படி இடம் மாறிவிடக்கூடும்.

தர்க்கத்தால் இதை நேர்செய்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் 2017-ஐப் பார்க்க வேண்டும். மத்திய ஃப்ளோரிடா என்ற அணி 12-0 என்று முடித்தது. தேர்வுக் கமிட்டி அதைப் பன்னிரண்டாவது இடத்தில் வைத்தது. 2018 ஜனவரி முதல் தேதி அது ஆபர்னை 34-27 என்று ஜெயித்தது. அந்த ஆபர்ன், இறுதி ஆட்டத்துக்கு வந்த அலபாமா, ஜார்ஜியா இரண்டையுமே நவம்பரில் ஜெயித்திருந்தது. எனவே நாங்களே சாம்பியன் என்று மத்திய ஃப்ளோரிடா ஊர்வலம் நடத்திற்று. காலி என்பவரின் கணக்கு முறையும் அதற்கே முதலிடம் தந்தது. ஆனால் ஜார்ஜியா டிசம்பரில் ஆபர்னைத் திருப்பி அடித்திருந்தது. அவனைவிட இவன் மேல், இவனைவிட அவன் மேல் என்று சங்கிலி வட்டமாகிவிடுகிறது. எந்தக் கண்ணியில் அறுத்துக் கையில் பிடிப்பது என்பதை மனிதன்தான் தீர்மானிக்கிறான்.

சுலபமான எதிராளியைத் தேடுவதை எல்லா இடத்திலும் கோழைத்தனம் என்று சொல்ல நான் தயாராக இல்லை. கன்ஸாஸ் ஸ்டேட்டில் பில் ஸ்னைடர் பயிற்சியாளராக வந்த 1989-ல் அந்த அணி 27 ஆட்டங்களாக ஒரு வெற்றியும் கண்டிராதது. அவர் வேண்டுமென்றே நோஞ்சான்களைப் பிடித்து அட்டவணையில் போட்டார். ஜெயிப்பது எப்படி இருக்கும் என்பதையே பையன்கள் மறந்திருந்தார்கள். அதை முதலில் கற்றுக்கொள்ளட்டும் என்பது அவர் கணக்கு. பலித்தது. 1998-ல் அணி 11-0 என்று நின்றது. ஆனால் அந்த வருஷமும் வெளியாட்டங்களில் பழைய நோஞ்சான்களேதான்: 66-0, 73-7, 62-7. கூட்டின் இறுதி ஆட்டத்தில் இரண்டு முறை நேரம் நீட்டப்பட்டு 36-33 என்று தோற்றதும், பெரிய பந்தயங்கள் எதுவும் அதைச் சீந்தவில்லை. நடைவண்டி குழந்தைக்கு வேண்டியதுதான். நடக்கத் தெரிந்த பின்னும் விடாவிட்டால் நடை மேல் சந்தேகம் வருகிறது.

கம்ப்யூட்டர் போதும் போதும் என்றாகி 2014-ல் கமிட்டி வந்தது. பதின்மூன்று பேர் ஓர் அறையில் உட்கார்ந்து நான்கு அணிகளைப் பொறுக்குவார்கள். 2023 டிசம்பரில் 13-0 என்று தன் கூட்டை ஜெயித்து வந்த ஃப்ளோரிடா ஸ்டேட்டை விலக்கி, ஓர் ஆட்டம் தோற்றிருந்த அலபாமாவை எடுத்துக்கொண்டார்கள். ஃப்ளோரிடாவின் முதன்மை வீரன் காலொடிந்து கிடந்தான். அவனில்லாத அணி பழைய அணியல்ல என்று காரணம் சொன்னார்கள். அதாவது, செய்து முடித்ததற்கு மதிப்பா, இனிமேல் செய்யக்கூடியதற்கு மதிப்பா என்ற கேள்வியில் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். நான் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. ஆடிய ஆட்டத்தை ஆடாத ஆட்டத்தால் ரத்து செய்ய முடியாது. ஆனால் அவர்கள் காரணம் சொன்னார்கள், அதனால் நான் மறுக்க முடிகிறது. 0.16-ஐ மறுக்க வழியே இல்லை.

இத்தனைக்கும் அடியில் பணம் ஓடுகிறது. ஓர் அணி எத்தனை முறை டெலிவிஷனில் வரலாம் என்பதை முன்பு தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் கட்டுப்படுத்தி வந்தது. 1984-ல் ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 7-2 என்று அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. அதன் பின் விற்பனை கான்பரன்ஸ்கள் கைக்கு வந்தது. பெரிய பெயர்கள் மோதினால் நல்ல விலை. ஆகவே பெரிய பெயர்களெல்லாம் ஒரே கூடாரத்தில் சேர ஆரம்பித்தன. 2024-ல் பிக் டென்னில் பதினெட்டு அணிகள். பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்ஃபோர்ட் அட்லாண்டிக் கரைக் கான்பரன்ஸில். 1915-ல் முளைவிட்ட பசிபிக் கூட்டில் மிஞ்சியவை ஒரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டே. அவை தோற்று வெளியேறியவை அல்ல. எதிராளிகள் எழுந்து போய்விட்டார்கள். ஓர் அணியை அழிக்க அதைத் தோற்கடிக்க வேண்டியதில்லை. அதோடு ஆடாமல் இருந்தால் போதும்.

2024-லிருந்து பன்னிரண்டு அணிகளை உள்ளே விடுகிறார்கள். அந்த வருஷம் இண்டியானா 11-1 என்று வந்தபோது, யாரோடு ஆடினாய் என்ற பழைய கேள்வி அதைப் பார்த்துக் கேட்கப்பட்டது. நோட்டர் டேமிடம் 27-17 என்று தோற்றதும் கேட்டவர்கள் திருப்தியடைந்தார்கள். மறு வருஷத்து அட்டவணையிலும் வெளியாட்டங்கள் ஓல்ட் டொமினியன், கென்னஸா ஸ்டேட், இண்டியானா ஸ்டேட் என்ற மூன்று கப்கேக்குகள்தான். பயிற்சியாளர் கர்ட் ஸிக்னெட்டி, நாங்கள் தென்கிழக்குக் கான்பரன்ஸின் அட்டவணைத் தத்துவத்தைக் கடைப்பிடிக்கிறோம் என்று சிரிக்காமல் சொன்னார். அந்த அணி 2026 ஜனவரி முதல் தேதி அதே தென்கிழக்கின் அலபாமாவை 38-3 என்று ஜெயித்தது. 16-0 என்று சாம்பியன் ஆனது. அட்டவணை சந்தேகத்தை எழுப்பலாம், அதைத் தீர்க்க ஓர் ஆட்டம் வேண்டும். இண்டியானாவுக்கு அந்த ஆட்டம் கிடைத்தது. பாய்ஸிக்கும் யூடாவுக்கும் கிடைக்கவில்லை. அதே பருவத்தில் சிறிய கூட்டுகளிலிருந்து டுலேனும் ஜேம்ஸ் மாடிஸனும் உள்ளே விடப்பட்டு முதல் சுற்றிலேயே தோற்றன. இவர்களை ஏன் விட்டீர்கள் என்று கூச்சல் எழுந்தது. தோற்கும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது என்பதே எனக்கு முக்கியம். அந்த உரிமை இல்லாதவனின் வெற்றியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதையெல்லாம் இந்தப் பத்திரிகையில் ஏன் எழுதுகிறேன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள் என நினைக்கிறேன். நாமும் ஒரு கான்பரன்ஸ்தான். அவர் கவிதைக்கு இவர் முன்னுரை, இவர் தொகுப்புக்கு அவர் மதிப்புரை, இருவரும் சேர்ந்து மூன்றாமவரை நிராகரிப்பு. நமக்குள் பற்றும் வரவும் எப்போதும் நேர்கிறது. வெளியே பெரிய பத்திரிகைக்காரர்களைத் தாக்கி நாம் எழுதுவதில் பாதி கப்கேக் ஆட்டம். எளிய எதிராளியை அடித்து அறுபது புள்ளி எடுக்கிற காரியம். ஒரு விமர்சகன் யாரை மறுத்தான் என்பதைக்கொண்டுதான் அவனை எடைபோட வேண்டும். தன்னைவிடப் பெரிய மனத்தோடு, அந்த மனம் பலமாக இருக்கிற இடத்திலேயே போய், எத்தனை முறை மல்லுக்கு நின்றான் என்று பார்க்க வேண்டும். தோற்றிருந்தாலும் அந்தக் கட்டுரைதான் நிற்கும். தரம் என்ற சொல்லை நாம் இவ்வளவு தாராளமாகப் புழங்குகிறோமே, அது யாரோடு ஒப்பிட்டுக் கிடைத்த தரம் என்ற ஒரு வரியையும் பக்கத்தில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை குறையும். மீதிப் பாதி நடக்க வேண்டிய சண்டையாக இருக்கும்.

ஏழு வருஷம் கழித்து, 2014 ஆகஸ்டில், மிஷிகன் ஆப்பலாச்சியனை மறுபடியும் அழைத்து 52-14 என்று ஜெயித்தது. பழைய கணக்கு தீர்ந்தது என்று எழுதினார்கள். இரண்டாவது ஆட்டமும் ஆன் ஆர்பரில்தான் நடந்தது. ஆப்பலாச்சியனின் ஊர், வடக்கு கரோலினா மலையில் இருக்கும் பூன். அங்கே மிஷிகன் ஒருமுறையும் போய் ஆடியதில்லை.